மழை போட்ட கடன்

எங்கள் ஆறு பேர் மேலும் சேர்த்து இருந்த கடன் பதினான்கு லட்சத்து முப்பத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூட நாங்கள் கை நீட்டி வாங்கியதில்லை. கலியாணத்துக்கு வாங்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வாங்கவில்லை, சீட்டாடித் தோற்கவுமில்லை. மழை பெய்தது. பெய்யப் பெய்ய எங்கள் பேரில் ஏறியது.

மலைக்குக் கீழே இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

கூந்தக்கல் அணை மலை உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. நான்கு மதகுகள். முன்பு மதகுக்கு ஆள் இருந்தது. இப்போது கிடையாது. கடலோரப் பட்டணத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது, அதை நாங்கள் மையம் என்போம். அங்கே குளிரூட்டிய அறையில் ஒரு கணினி நாற்பத்தோரு அணைகளையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்கிறது. ஏரியில் எத்தனை அடி தண்ணீர், எவ்வளவு மழை என்கிற செய்தி இங்கிருக்கும் டிஷ் வழியாகச் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து மையத்துக்கு இறங்கும். மதகைத் தூக்கு, இறக்கு என்ற உத்தரவு அதே வழியில் திரும்பி வரும். ஆதியில் காட்டுக்குள் கேபிள் போட்டிருந்தார்கள். மண் சரிந்து வருஷத்துக்கு நாலு தடவை அறுந்தது. வானம் மலிவு என்று, அணைகளைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது.

நாங்கள் டிஷ் துடைக்கிறவர்கள். சுற்றிலும் களை வெட்டுவோம், குரங்கு விரட்டுவோம், கரையில் எலிவளை அடைப்போம், மதகுச் சங்கிலிக்குக் கிரீஸ் வைப்போம். ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: சிக்னல் அறுந்தால் அது பராமரிப்புக் குறை, நிமிடத்துக்கு இவ்வளவு என்று குழுவின் பேரில் பற்று வைக்கப்படும்.

மழையால் அறுந்தால் பற்று கிடையாது என்றும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் மழை பெய்ததா என்று மையத்துக்குச் சொல்வது யார்? மழைமானி. மழைமானியின் பேச்சு எது வழியாகப் போகிறது? அதே டிஷ். ஆக, தூறல் போட்டால் மையத்துக்குத் தெரியும். அடித்து ஊற்றினால் தெரியாது. அந்தந்த நிமிடத்து அளவைத்தான் மையம் வாங்கும். பிந்தி வந்த அளவை வாங்காது. எங்கள் மலையில் ஊற்றிய மழையெல்லாம் மையத்தின் கணக்கில் பெய்யாத மழை. பெய்யாத மழைக்குச் சிக்னல் எப்படி அறும்? டிஷ்ஷை இவர்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை. முடிந்தது கணக்கு.

கடன் உள்ளவனின் அடையாள அட்டைக்கு மலைச் சோதனைச் சாவடிக் கதவு திறக்காது. வேறு எங்கும் வேலையும் தர மாட்டார்கள். என் மனைவி கருணாம்பாள் புஞ்சைப்புளியம்பட்டியில் ஒரு நூல் மில்லில் இருக்கிறாள். தீபாவளிக்கு மட்டும் மேலே வந்து போவாள். மற்ற நாளெல்லாம் செல்போன் திரைதான். மழை வலுத்தால் அவள் முகம் கட்டம் கட்டமாக உடையும். வாய் ஒரு பக்கம் நிற்கும், பேச்சு ஒரு பக்கம் வரும், பிறகு இரண்டும் போய்விடும். மூன்று வருஷமாக எனக்கு ஒரே நினைப்பு: இந்தக் கடன் தீர்ந்து மலையை விட்டு இறங்க வேண்டும்.

எங்களுக்கு மேஸ்திரி சிலம்பாயி அக்கா. சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பார். அவர் கூப்பிட்டால் ஏரியின் அக்கரையில் கேட்கும்; அதற்குச் சிக்னல் வேண்டியதில்லை. சிக்னல் ஏன் அடிக்கடி போகிறது என்று பார்த்துவரக் கம்பெனி ஒரு என்ஜினியரை அனுப்புகிறது என்றதும், அக்கா எங்களை விடிகாலையிலேயே எழுப்பி டிஷ்ஷைச் சுற்றிப் பெருக்க வைத்தார்.

வந்தவர் பெயர் ஜெசிமா. முப்பது வயது இருக்கும், உடுமலைப்பேட்டைக்காரர். ஜீப்பை விட்டு இறங்கி டிஷ்ஷைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்னதுங்க்கா, டிஷ்ஷு மேல?"

"தார்ப்பாய்ங்க அம்மிணி," என்றார் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. "மழயில சிக்னல் போயிருதுன்னாங்க. அதான் நனையாம மூடி வெச்சிருக்கறோம். மூணு வருசமாச்சு. காத்து தூக்காம நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்குதுங்க."

"எங்க காசுங்க," என்றான் ஓதிச்சாமி. குழுவில் வாய் அடங்காதவன் அவன்தான். "கம்பெனி ஒரு கயித்துத் துண்டுகூடக் குடுக்கல."

ஜெசிமா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. கையில் ஒரு சின்ன மீட்டர் வைத்திருந்தார். ஒரு பாட்டில் தண்ணீரைத் தார்ப்பாய் மேலே ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். தண்ணீர் தோல் மாதிரிப் பரவி நின்றது. மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. தார்ப்பாயை அவிழ்த்து எடுத்ததும் எண் ஏறிவிட்டது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"வெறும் டிஷ்ஷுன்னா தண்ணி வழிஞ்சு ஓடிரும்," என்றார் ஜெசிமா. "தார்ப்பாய் அதப் புடிச்சு வெச்சுக்குது. சிக்னலு அந்தத் தண்ணித் தோலையும் தாண்டி வரணும்."

"அப்ப மழயே இதுல உழுகலீன்னா?" என்று குழுவில் அக்காவைத் தவிர இருந்த ஒரே பெண்ணான தேவாத்தாள் கேட்டாள்.

"இதுல உழுகறது கொஞ்சம்தாங்க. மேல இருந்து சிக்னல் சாய்வா வருது. மேகத்துக்கும் டிஷ்ஷுக்கும் நடுவுல அஞ்சாறு கிலோமீட்டரு மழைக்குள்ளயே வரணும். ஒவ்வொரு துளியும் கொஞ்சம் உறிஞ்சிக்கும், கொஞ்சம் அக்கட்டயும் இக்கட்டயும் செதறடிச்சிரும்."

"பழைய ரேடியோவெல்லாம் மழயிலயும் பாடுமுங்களே?" என்றேன் நான்.

"அதோட அலை ரொம்ப நீளமுங்கண்ணா. துளியெல்லாம் அதுக்குத் தூசி. இந்த அலை ஒரு விரக்கடை அகலங்கூட இல்லீங்க. பெருமழைத் துளி இருக்குது பாருங்க, அது இந்த அலைக்குப் பெருசு. அதான் முட்டிக்குது."

ஓதிச்சாமி தலையை ஆட்டினான். "புரிஞ்சுபோச்சுங்க. கலியாணப் பந்தியில ஜிலேபித் தாம்பாளத்தத் தூக்கிட்டுப் போறாப்பல. போற வழியில ஆளுக்கொண்ணு எடுத்துப் போடுவானுக. கடேசி எலைக்குப் போய்ச் சேர்றப்ப வெறுந் தாம்பாளம்."

"அதேதாங்க," என்று ஜெசிமா சிரித்துவிட்டார். "தார்ப்பாய் என்ன பண்ணுச்சுன்னா, கடேசி எலைக்கு முன்னால இன்னொருத்தன உக்கார வெச்சிருச்சு."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அக்கா தார்ப்பாயை மடித்துக் கல் மேல் வைத்தார்.

"அப்ப, எங்க பேர்ல ஏறுனதுல இதனால ஏறுனதும் இருக்குதுங்களா அம்மிணி?"

"இருக்குதுங்க்கா. சாரல் நாள்ல சிக்னலு அறுந்திருக்கவே வேண்டியதில்ல. அதெல்லாம் இதோட வேல."

"எத்தனைன்னு கணக்குப் போட முடியுமுங்களா?"

"சாரலா இருந்த நாளு மையத்துல பதிஞ்சிருக்கும். அத வெச்சுப் போடலாம்."

"போடுங்க. அது எங்குளுது, மறைக்கறதுக்கில்ல. மத்தது?"

"மத்தது மழையோடது."

"அத உங்க கம்பெனி நம்புமுங்களா?"

ஜெசிமா மீட்டரைத் துடைத்துப் பையில் வைத்தார். "மழை பெஞ்சுதுன்னு மையத்துக்கு யாராச்சும் சொல்லணுமேங்க்கா."

அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. தெற்கு முகட்டில் வானம் கறுத்து, நாங்கள் சோற்றில் கை வைத்து எடுப்பதற்குள் கூரைத் தகரம் பேசவிடாமல் அடித்தது. டிஷ்ஷில் தார்ப்பாய் இல்லை. இருந்தும் மீட்டரில் எண் இறங்கி இறங்கிச் செத்துப்போனது. அந்த மழைக்கு எந்த டிஷ்ஷும் நிற்காது என்று ஜெசிமா கத்திச் சொன்னார். கத்தினால்தான் கேட்டது.

ஏரி ஏறத் தொடங்கியது. கூந்தக்கல்லில் நடுவில் கல் கட்டு. இடது பக்கம் வெறும் மண்கரை. கரையைத் தண்ணீர் தாண்டினால் கரை கரைந்துவிடும். கரைந்தால் கீழ்ச்சாவடி ஊர் இருக்காது. மதகைத் திறக்க வேண்டும். திறக்க வேண்டிய மையமோ சிக்னலுக்கு அப்பால் இருந்தது. எப்போது மதகு வேண்டுமோ அப்போதுதான் உத்தரவு வராது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் வெயில் நாளில் உட்கார்ந்து செய்திருக்க வேண்டும்.

ஜெசிமா மோட்டார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உத்தரவு இல்லாமல் அது அசையாது. பக்கத்தில் கையால் சுற்றும் பிடி இருந்தது, பழைய காலத்துடையது. அதற்கு இரும்புப் பூட்டும் ஈயச் சீலும் வைத்திருந்தார்கள். சீலை உடைத்தால் வேலை போகும், கேஸும் வரும்.

"எனக்கும் இதத் தொட அதிகாரம் இல்லீங்க்கா," என்றார் ஜெசிமா. "முகட்டுக்கு அந்தப் பக்கம் மழை இருக்காது. ஜீப்புல தாண்டிப் போனா என் போன்ல சிக்னலு கெடைக்கும். மையத்துல பேசி உத்தரவு வாங்கிட்டு வந்தர்றேன்."

"போய்ட்டு வாங்க அம்மிணி. வளைவுல பாத்து."

ஜீப் போனது. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மண்கரையின் வெளிப்புறத்தில் ஓரிடம் வியர்ப்பது போலக் கசிய ஆரம்பித்ததும் அக்கா காத்திருக்கவில்லை. தேவாத்தாளைக் கூப்பிட்டார்.

"குறுக்குத் தடத்துல எறங்கி ஓடு. ஆத்துக்குள்ள ஒரு சனம் இருக்கக்கூடாது. துணி தொவைக்கறவ, மீன் புடிக்கறவன், எல்லாரையும் முடுக்கு."

தேவாத்தாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பறந்தாள். அக்கா கடப்பாரையை எடுத்துப் பூட்டுக்குள் நுழைத்தார்.

"யாரு ஒடைச்சதுன்னு கேட்டாங்கன்னா மேஸ்திரின்னு சொல்லீருங்க."

"அதெப்புடிங்க்கா?" என்றான் ஓதிச்சாமி. "கடன் ஆறு பேருக்கு, பேரு மட்டும் உங்களுக்கா?" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையில் அவனும் கை வைத்தான். நான் வைத்தேன். குழுவில் மீதியிருந்த மாதப்பனும் அவன் தம்பியும் வைத்தார்கள். ஐந்து பேர் பிடிக்க அதில் இடமே இல்லை. ஒருவன் கை மேல் ஒருவன் கை. பூட்டு பட்டென்று தெறித்து ஏரியில் விழுந்தது.

அந்தப் பிடியைச் சுற்றுவது லேசான வேலை இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உடம்பைப் போட்டு இழுக்க வேண்டும். மலைப்பாதைக்குப் பாறை உடைத்த காலத்தில் நாங்கள் பழகிய முறை ஒன்று உண்டு. களைத்தவன் விடுவதற்கு முன்பே வருகிறவன் அவன் கை மேலே பிடித்துவிட வேண்டும். பிடி ஒரு கணமும் நிற்கக்கூடாது. நின்றால் மதகின் கனம் திருப்பி அடிக்கும், தோள் கழன்றுபோகும். அப்படித்தான் மாறினோம்.

முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கி, பிடியைக் கட்டையால் முட்டுக் கொடுத்து நிறுத்தச் சொன்னார் அக்கா.

"இன்னுந் தூக்குலாமுங்க்கா," என்று மாதப்பன் மூச்சு வாங்கினான்.

"ஒரேயடியாத் தூக்குனா கீழ இருக்கறவனுக்குக் கண்ணு முழிக்கவே நேரமிருக்காதுடா. செந்தண்ணி மொதல்ல சித்தெ நேரம் போவட்டும். அதப் பாத்துச் சனம் கரையேறட்டும். அப்பறம் தூக்கு."

கசிவு பெரிதாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு அன்றைக்கு இருந்த வேலையிலேயே பெரிய வேலை. பிறகு கீழ்வளைவுப் பாறையிலிருந்து தேவாத்தாள் சேலைத் தலைப்பைச் சுழற்றுவது மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அக்கா "ம்" என்றார். மறுபடியும் சுற்றினோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் கிரீஸ் ஏறி எரிந்தது. ஓதிச்சாமி, "மையத்துல இருக்கற மெசினுக்கு இந்நேரம் காப்பி வந்திருக்குமா?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது. சிரித்தால் பிடி நழுவும் என்று பல்லைக் கடித்துக்கொண்டோம்.

இரண்டாம் மதகில் பாதி தூக்கியிருந்தபோது ஜெசிமா வந்தார். ஜீப்பைச் சேற்றில் விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க அம்மிணி?"

"ஏரி முப்பத்தோரு அடிதானாம். மழையே இல்லையாம். மதகைத் தொட வேண்டாம்னாங்க."

முப்பத்தோரு அடி என்பது மழை தொடங்கும் முன் கடைசியாகப் போன அளவு. மையத்துக்கு நேரம் அங்கேயே நின்றுபோயிருந்தது. நாங்கள் யாரும் பிடியை விடவில்லை. ஜெசிமா தூக்கியிருந்த மதகைப் பார்த்தார், கரையைப் பார்த்தார்.

"எனக்கு அதுக்கு மேல சரியாக் கேக்கலீங்க்கா. சிக்னலு சரியில்ல," என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். மாதப்பனின் தம்பி கை மேலே தன் கையை வைத்தார். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கட்டை விரலை உள்ளே மடக்கிப் பிடித்தார். நான் சொல்லிக் கொடுத்தேன். அதன்பிறகு நன்றாகவே சுற்றினார்.

கீழ்ச்சாவடியில் நடைபாலம் போனது. இரண்டு மாட்டுக் கொட்டகை போனது. ஆள் ஒருவரும் போகவில்லை.

நாலாம் நாள் கம்பெனியிலிருந்து ஆதிகேசவன் என்கிற மேலாளர் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இனிப்புப் பெட்டி கொண்டு வந்திருந்தார். கொட்டகையில் எங்களை உட்கார வைத்து, தானே எழுந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஜெசிமாவும் வந்திருந்தார்.

"உங்க கடன் மொத்தமும் தள்ளுபடி. ஆறு பேர் அட்டையும் இன்னைக்கே திறந்துடும். நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மதகை மையம் திறந்துச்சு, நாங்க பக்கத்துல இருந்து பார்த்தோம்னு சொல்லணும். நான் பதிவு பண்ணிக்கறேன்."

"எதுக்குங்க அப்புடி?" என்றார் அக்கா.

"நாற்பத்தோரு அணைக்கும் ஆளே வேண்டாம்னு சொல்லித்தான் இந்தக் குத்தகைய எடுத்திருக்கோம். மனுஷன் கை பட்டுச்சுன்னு வெளிய தெரிஞ்சா குத்தகையே ஆடிப் போயிடும். உங்க மேல சீல் உடைச்ச கேஸும் வரும். எதுக்கு இதெல்லாம்? உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

சரி என்கிற வார்த்தை எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. அன்று சாயந்திர பஸ்ஸில் ஏறினால் கருணாம்பாள் ஷிப்ட் முடிந்து வரும்போது மில் வாசலில் நிற்கலாம்.

"சார், நானும் ஒண்ணு சொல்லிக்கறேன்," என்றார் ஜெசிமா. எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். "மையம் தொறந்துச்சுன்னா அந்நேரம் சிக்னலு இருந்துச்சுன்னு அர்த்தம். சிக்னலு இருந்துச்சுன்னா பெருமழை இல்லேன்னு அர்த்தம். மழை சிக்னலை அறுக்காதுன்னு ஆயிடும். அப்ப உங்க பழைய கடனெல்லாம் நெசக் கடன். அதப் பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்க, அவ்வளவுதான். நீங்க கையால தொறந்தீங்கன்னு சொன்னா, சிக்னலு இல்ல, மழை இருந்துச்சு. கணக்குல பெய்யாத மழையிலதான் ஏரி ஏழடி ஏறுச்சு. அப்ப அது கடனே இல்ல."

"ரெண்டுலயும் நாங்க குடுக்க வேண்டியதில்லதானுங்க?" என்று மாதப்பன் கேட்டான்.

"உங்களுக்கு அப்படித்தான். மத்த நாற்பது மலையில டிஷ் துடைக்கறவங்களுக்கு அப்படி இல்லீங்க. அவங்க பேர்லயும் ஏறிட்டுத்தான் இருக்குது."

ஆதிகேசவன் அவரை ஒரு பார்வை பார்த்தார். "ஜெசிமா, உங்க வேலை டிஷ் பார்க்கறது."

"அதைத்தான் சார் பார்த்துட்டு வந்திருக்கேன்."

அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "நான் உங்களுக்காகப் பேச மாண்டேன். அவங்கவங்க வாயால சொல்லுங்க."

ஆதிகேசவன் என்னைத் தேர்ந்தெடுத்தார். என் முகத்தில் பஸ் தெரிந்திருக்க வேண்டும். "அண்ணே, யார் திறந்தா என்ன? மதகு திறந்துச்சு. ஊர் பிழைச்சுது. அது போதாதா?"

போதும்தான். ஆனால் இனிப்பு எடுத்த கை எரிந்தது. உரிந்த இடத்தில் சர்க்கரைப் பாகு பட்டிருந்தது. எனக்கு என்ன வந்ததோ, இரண்டு உள்ளங்கையையும் விரித்து மேசை மேலே வைத்தேன்.

"இது என்ற கைங்க. உங்க மையத்தோட கையையும் இப்புடி வெக்கச் சொல்லுங்க. தோலு உரிஞ்சிருந்துச்சுன்னா நானே ஒத்துக்கறேன்."

ஓதிச்சாமி தன் கையை வைத்தான். மாதப்பன், அவன் தம்பி, அக்கா. தேவாத்தாள், "எனக்குக் காலுங்க. அத மேச மேல வெச்சா மருவாதியா இருக்காது," என்றாள். ஜெசிமா சத்தம் போடாமல் தன் கையை ஓரமாக வைத்தார். அவர் கையில்தான் கொப்புளம் பெரிது.

"மன்னிச்சு உடோணும்னா நாங்க தப்புப் பண்ணியிருக்கோணும்," என்றார் அக்கா. "பண்ணுனது ஒரு தப்பு. தார்ப்பாய் கட்டுனோம். அதுக்கு லட்சத்தி எட்டாயிரம்னு அம்மிணி கணக்குப் போட்டுட்டாங்க. அதக் கட்டீர்றோம். மிச்சத்த மழகிட்ட வாங்கிக்குங்."

ஆதிகேசவன் இனிப்புப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயந்திரம் கருணாம்பாளிடம் சொன்னேன். மறுபடியும் மழை. கையை மேசையில் வைத்தது வரைக்கும் சொன்னதுமே அவள் முகம் உடைந்து நின்றுவிட்டது. கண் மட்டும் ஒரு கட்டத்தில் இருந்தது. கோபமா, என்ன என்று தெரியவில்லை. மழை நிற்கும்வரை போனை வைத்துக்கொண்டு கொட்டகை ஓரத்தில் நின்றேன். வந்ததும் கேட்டாள்.

"ஏனுங்க, பாதி கேக்கல. அந்தக் கை வெச்சதை மறுக்காச் சொல்லுங்க."

மூன்று தரம் சொல்ல வைத்தாள். மூன்றாம் தரம் பக்கத்து மிஷின்காரிகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டாள்.

அடுத்த மாதங்கள் சுலபமாக இல்லை. எங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அட்டை பூட்டியபடியே இருந்தது, வேறு வேலைக்கும் வழியில்லை. ரேஷன் அரிசியும் கருணாம்பாள் அனுப்பியதும்தான். ஜெசிமாவை ஏதோ ஒரு அறையில் பழைய சாமான் எண்ணும் வேலைக்குப் போட்டார்கள். அரசாங்கம் விசாரணை வைத்தது. கீழ்ச்சாவடியிலிருந்து இரண்டு லாரி சனம் வந்து, அன்று மழை பெய்ததா என்று கேட்டதற்கு ஒரே குரலில் ஆமாம் என்றது. சீல் உடைத்தது யார் என்று கேட்டபோது நாங்கள் ஆறு பேரும் எழுந்தோம். தேவாத்தாள் அப்போது ஆற்றங்கரையில் இருந்தாள் என்று ஓர் அதிகாரி எடுத்துச் சொன்னார். "அதனால என்னங்க? எம் பங்கு அதுல இருக்குது," என்று அவள் உட்கார மறுத்துவிட்டாள்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. மழையில் அறுந்த சிக்னலுக்கு வைத்த பற்று செல்லாது. நாற்பத்தோரு அணைக்கும் இதே. தள்ளுபடி என்று எழுதவில்லை. கடனே அல்ல என்று எழுதினார்கள். மழைமானியும் நீர்மட்டமும் அணையிலேயே ஒரு பெட்டியில் பதிய வேண்டும். ஒவ்வொரு மதகிலும் கைப்பிடிக்கு ஆள் இருக்க வேண்டும். சீல் கேஸைக் கைவிட்டார்கள். தார்ப்பாய்க்கு உண்டான ஒரு லட்சத்து எட்டாயிரத்தைப் பற்றித் தீர்ப்பில் பேச்சே இல்லை. யாரும் எங்களைக் கேட்கவில்லை.

"கேக்காட்டி? சொன்னது சொன்னதுதான்," என்றார் அக்கா.

ஆளுக்குப் பதினெட்டாயிரம். நிறுத்தி வைத்த நாட்களுக்குக் கூலி வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மலை அலுவலகத்துக்குப் போனோம். ஆதிகேசவன் அங்கே இருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். பணம் கட்டும் மிஷினில் அக்கா அட்டையை வைத்த நேரம் வெளியே சோவென்று பிடித்துக்கொண்டது. மிஷின் சுற்றிச் சுற்றி நின்றது.

"போகலை. சிக்னல் இல்லை," என்றார் ஆதிகேசவன். "நீங்க கிளம்புங்க. உண்மையைச் சொன்னா இதை யாரும் கேட்கவே இல்லை. ஒரு லட்சத்துல கம்பெனி மூழ்கிடாது. விட்டுடறேன்."

"கம்பெனி மூழ்காதுங்க. நாங்க மூழ்கீருவோம்," என்றான் ஓதிச்சாமி.

"இருக்கறோமுங்க," என்றார் அக்கா.

இருந்தோம். தீர்ப்புக்குப் பிறகு சுவரில் புதிதாக ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். அதில் எழுத்து எரிந்தது. ஓதிச்சாமி என் விலாவில் இடித்து, என்ன போட்டிருக்கிறது என்றான். எழுத்துக் கூட்டி வாசித்தேன். "இணைப்பு இல்லை. காரணம் மழை. பற்று இல்லை."

"மறுக்கா வாசி," என்றார் அக்கா.

வாசித்தேன். மாதப்பனின் தம்பி எழுந்து போய் அந்தப் பெட்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். ஆதிகேசவன் எல்லாருக்கும் டீ வரவழைத்தார். குடித்தோம். மழை தன் பாட்டுக்குப் பெய்தது. அதன் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

வெளிச்சம் வந்த பிறகு முதலில் அக்காவுடைய பணம் போனது. தேவாத்தாளுடையது போனது. நடுவில் ஒரு சாரல் வந்து ஓதிச்சாமியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது. அவன் அதையும் திட்டாமல் பொறுத்துக்கொண்டான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கட்டினார்கள். என்னுடையது கடைசி.

அக்கா எழுந்தார். "பாக்கி ஒண்ணும் இல்லீங்களே? நல்லாப் பாத்துச் சொல்லுங்."

ஆதிகேசவன் திரையை மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"இல்லீங்கம்மா. ஒரு பைசா பாக்கி இல்லை."

"அப்பச் சரிங்க," என்று அக்கா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.